வீட்டுக்குள் ஓடும் நீர்

குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது; திருப்பி மூடினால் நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் வீட்டுக் குழாயைப் பற்றி அறிந்திருப்பது இவ்வளவே. மாணவர்களுக்காக இந்தப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, ‘இது ஆளை அழைத்துக் கூலி கொடுத்துச் செய்துகொள்ளும் வேலையல்லவா? இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?’ என்று வீட்டில் கேட்டார்கள். இந்த அறியாமையால் ஒரு முறை நான் நடுத்தெருவில் தலைகுனிந்து நின்றதுண்டு. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டுக் கோடைக்காலம். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. எங்கள் தெருவில் குடங்கள் வரிசை பிடித்து நின்றன. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீருக்குப் பதிலாகக் காற்றுத்தான் வந்தது. வேறு வழியின்றி லாரித் தண்ணீர் வாங்கினோம். ஒரு லாரிக்கு 9,000 லிட்டர். வீட்டில் நாங்கள் ஐவர். ஆளுக்கு நாளொன்றுக்கு 90 லிட்டர் என்று கண்டிப்பான கணக்குப் போட்டு, மொத்தம் 450 லிட்டருக்கு மேல் செலவழிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்படியானால் ஒரு லாரித் தண்ணீர் 20 நாளைக்கு வரவேண்டும். ஆனால் 12ஆம் நாளே தரைக்கடியில் உள்ள தொட்டி வற்றி, மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியது.

கணக்கில் நான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. 12 நாளைக்குச் செலவு 5,400 லிட்டர். மீதி 3,600 லிட்டர் எங்கே போயிற்று? லாரிக்காரர் குறைத்து ஊற்றியிருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது, தெருவார் பலர் பார்த்திருக்க, அவரைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டுவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். அவர் பதிலுக்குக் கோபிக்கவில்லை. வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். ‘ஐயா, முதலில் அளந்துகொள்ளுங்கள், பிறகு பேசலாம்’ என்றார்.

குச்சியைத் தொட்டிக்குள் விட்டு நீர்மட்டத்தைக் குறித்தோம். லாரி முழுவதையும் ஊற்றியபின் மறுபடியும் குறித்தோம். மட்டம் 150 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. எங்கள் தொட்டியின் நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர். பரப்பு 6 சதுர மீட்டர். அதை ஒன்றரை மீட்டரால் பெருக்கினால் 9 கன மீட்டர். அதாவது 9,000 லிட்டர். ஒரு குவளைகூடக் குறையவில்லை. அவர் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நின்ற நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே தண்ணீரைத் திருடியது யாரோ அல்ல; எங்கள் வீடேதான். எந்த மூலையில் என்பது தெரியவில்லை. சுவரில் ஈரமில்லை, தரையில் தேக்கமில்லை, சொட்டும் குழாய் ஒன்றுகூட இல்லை. அப்போது எங்கள் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்துவரும் முதிய பிளம்பர் ஒருவர் எனக்கு ஒரு வழி சொல்லித் தந்தார். உங்களுடைய ஆய்வுக்கூடத்தில் செய்யும் எந்தச் சோதனைக்கும் அது தாழ்ந்ததன்று.

முதல் நாள் இரவு மோட்டாரைப் போடாமல் தரைக்கீழ்த் தொட்டியின் மட்டத்தை மட்டும் அளந்தேன். காலையில் அதே மட்டம். ஆகவே அந்தத் தொட்டியில் கசிவு இல்லை. மறுநாள் இரவு மாடியிலுள்ள 1,000 லிட்டர்த் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவிட்டு, காலை வரையில் யாரும் ஒரு சொட்டு நீரும் எடுக்கக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவைத்தேன். எட்டு மணி நேரத்தில் மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எங்கள் மாடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 10 லிட்டர். எனவே ஓர் இரவில் நூறு லிட்டர். முழு நாளில் முந்நூறு! காணாமற்போன 3,600 லிட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதும் முந்நூறுதான்.

மாடித் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று சமையலறைக்கு, மற்றொன்று குளியலறை, கழிப்பறைகளுக்கு. மூன்றாம் இரவு இரண்டாவது குழாயின் வால்வை மூடிவிட்டேன். மட்டம் இறங்கவில்லை. குற்றவாளி எந்தப் பக்கம் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த நாள், கழிப்பறையின் பின்பக்கம் பொருத்தியிருக்கும் நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஐந்தாறு துளிகள் விட்டேன். நீரைத் திறந்துவிடாமல் அரை மணி நேரம் காத்திருந்தேன். வெள்ளைப் பீங்கானில் நீலக் கோடு ஒன்று மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

நாளொன்றுக்கு 300 லிட்டர் என்றால் ஏதோ அருவி போலக் கொட்டும் என்று எண்ணுகிறோம். வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு மூன்றரை மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அது பீங்கானின் மேல் கண்ணாடித்தாள் போலப் படர்ந்து இறங்கும்போது கண்ணுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் கேட்பதில்லை.

இந்தச் சிறு தொட்டி எவ்வாறு வேலை செய்கிறது? அதன் அடியில் ஒரு வாய். அதை ஒரு ரப்பர் மூடி அடைத்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மூடி தூக்கப்பட்டு நீர் ஒரே மூச்சில் இறங்குகிறது. பிறகு மூடி தன் இடத்தில் அமர்கிறது. மேலே ஒரு மிதவை உண்டு. நீர் ஏற ஏற அதுவும் ஏறி, குறித்த மட்டம் வந்ததும் உள்ளே வரும் குழாயை அடைத்துவிடுகிறது. மிதக்கும் பொருளை நீர் எவ்வளவு விசையுடன் மேலே தள்ளும் என்று ஆர்க்கிமிடீஸ் கூறிய விதியை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள்; அது உங்கள் வீட்டுக் கழிப்பறையில் நாள்தோறும் பல முறை நடைபெறுகிறது. பழுதும் இந்த இரண்டு இடங்களில்தான் வரும். ரப்பர் மூடி நாளடைவில் இறுகி, அதன் விளிம்பில் உப்புப் படிந்து, சரியாக அமராது போகும். அல்லது மிதவை தாழ்ந்த இடத்தில் சிக்கிக்கொள்ள, நீர் மட்டத்தைத் தாண்டி வழிகுழாய் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பம். எங்கள் வீட்டில் பழுதாகியிருந்தது மூடி. அதை மாற்றியதும் அடுத்த லாரித் தண்ணீர் 20 நாளையும் தாண்டி வந்தது.

அந்த லாரிக்காரரை மறுபடி சந்திக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, ‘குச்சி இருக்கிறதா, ஐயா?’ என்று மட்டும் கேட்டார். ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு வெட்டிக்கொண்டேன்’ என்றார். இன்றும் அது எங்கள் தொட்டியின் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

இனி, கண்ணுக்குத் தெரிந்தே சொட்டும் குழாய்க்கு வருவோம். வினாடிக்கு ஒரு துளி விழுகிறதென்று கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 துளிகள். மருந்துப் புட்டியின் துளி 20 சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர்; குழாயின் துளி அதைவிடப் பெரியது. நான்கு துளிக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. உங்கள் வீட்டுத் துளியின் அளவு என்ன என்பதை ஓர் அளவுக் குவளையும் கடிகாரமும் கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பழைய பாணித் திருகு குழாயின் உள்ளமைப்பு மிக எளியது. கைப்பிடியைத் திருகும்போது ஒரு தண்டு கீழிறங்கி, நுனியிலுள்ள வாஷரை நீர் வரும் துளையின் மீது அழுத்துகிறது. இங்கிலாந்தில் ராதரம் என்னும் ஊரிலிருந்த ஒரு பித்தளை வார்ப்பகத்தில் 1845ஆம் ஆண்டில் இவ்வகைக் குழாய் உருவாயிற்று. முன்பு தோலால் செய்த வாஷர், இப்போது ரப்பர். வாஷர் தேய்ந்தால் குழாய் சொட்டும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பலத்தைக் கூட்டித் திருகுகிறோம். இரண்டு நாள் நிற்கும், வாஷர் மேலும் நசுங்கும், மறுபடி சொட்டும், இன்னும் பலமாகத் திருகுகிறோம். கடைசியில் வாஷர் இருந்த இடமே தேய்ந்து, புதுக் குழாய் வாங்க நேர்கிறது. சொட்டுவது தொடங்கிய அன்றே, அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடியவிட்டு, ஸ்பானரால் மேற்பகுதியைக் கழற்றி வாஷரை மாற்றிவிட்டால் பத்து நிமிட வேலை. வால்வை மூட மறந்து கழற்றியவர்கள் அந்த அனுபவத்தை எளிதில் மறப்பதில்லை. நான் மறக்கவில்லை.

இன்று பல வீடுகளில் காணும் குழாய் கால்வட்டம் திருப்பினாலே திறக்கும் வகையைச் சேர்ந்தது. அதில் வாஷர் அழுந்துவதில்லை. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட இரு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கித் துளையைத் திறந்து மூடுகின்றன. இதற்குப் பலம் வேண்டியதில்லை. ஆனால் மணல் ஒரு துகள் புகுந்தாலும் தகட்டில் கீறல் விழுந்துவிடும். ஆகவே தொட்டியைக் கழுவிய பின்பும், தெருக்குழாயில் நெடுநாள் நிறுத்தத்துக்குப் பின் நீர் வரும்போதும், முதலில் வெளிப்புறத்திலுள்ள பழைய குழாய் ஒன்றைத் திறந்து கலங்கல் போகும்வரை விடுவது நல்லது.

குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதுவே. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருக்குமிடங்களில் இது விரைவில் படிந்து, நீர்த்தூவியின் துளைகளை அடைத்துவிடும். தூவியைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ சில மணி நேரம் ஊறவையுங்கள். அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைவதைக் காணலாம். வெந்நீர்க் கொதிகலத்துக்குள்ளும் இதே உப்பு படியும்; சூடாக்கும் பகுதியின்மேல் கவசம் போல் மூடிக்கொள்ளும்; மின்சாரம் வீணாகும். அதைத் திறந்து துப்புரவு செய்வது தொழில் தெரிந்தவர் வேலை. மின்சாரமும் நீரும் ஒரே இடத்தில் இருக்கும் எதையும் நீங்கள் திறக்க வேண்டாம்.

குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் ‘தட்’ என்று யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் ஓசை எழுவதுண்டு. பேயென்று பயந்தவர்களையும் நான் அறிவேன். ஓடும் இரயில் திடீரென நின்றால் பின்னுள்ள பெட்டிகள் முன்னுள்ளவற்றின்மேல் இடிக்குமல்லவா? குழாயில் ஓடிவரும் நீருக்கும் அதே கதிதான். அந்த இடி ஓர் அழுத்த அலையாகக் குழாய் நெடுகப் பாய்கிறது. ருஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் சோதனைகள் நடத்தி, 1898இல் இதன் கணக்கை வெளியிட்டார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரும்புக் குழாயில் கணத்தில் நிறுத்தப்பட்டால், அழுத்தம் பத்து வளிமண்டல அளவுக்கு மேல் எகிறிவிடும். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் தருவது ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் என்பதை நினைவிற் கொண்டால், நூறு மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தது போன்ற அதிர்ச்சி அது என்பது விளங்கும். குழாயின் இணைப்புகள் தளர்வது இத்தகைய அடிகளால்தான். மெதுவாக மூடுங்கள், சுவரோரக் குழாய்களைப் பிடிப்பான்கள் இறுகப் பற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நீர் வந்த வழியைச் சொன்னேன்; போகும் வழியையும் சொல்ல வேண்டும். கைகழுவும் தொட்டியின் அடியில் குழாய் நேராக இறங்காமல் வளைந்து, மேலேறி, பிறகு இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? இடத்தை வீணாக்கும் கோணல் என்று சிறுவயதில் எண்ணினேன். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். அந்த நீர்த்தடைதான் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் காக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்கு உரிமை பெற்றார். குளியலறைத் தரையின் வடிகாலிலும் இதே ஏற்பாடு உண்டு. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறையில் துர்நாற்றம் வீசுவதும், கரப்பான்பூச்சிகள் உலவுவதும் எதனால்? தேங்கிய நீர் வற்றிப்போயிற்று, கதவு திறந்துவிட்டது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் கதவு மூடிக்கொள்ளும். இதற்கு வாசனைத் திரவியம் வாங்குவோரும் இருக்கிறார்கள்.

வடிகால் அடைப்புக்குப் பெருங்காரணம் சமையலறை எண்ணெய். சூடாக இருக்கும்போது ஓடிப்போய், குழாயின் குளிர்ந்த பகுதியில் உறைந்து, சோற்றுப் பருக்கையையும் காப்பித் தூளையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். அடைத்துவிட்டால், கைப்பிடியுள்ள ரப்பர்க் கிண்ணத்தை வாயின்மேல் வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். அல்லது வளைவின் அடியிலுள்ள மூடியின்கீழ் ஒரு வாளியை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். காணாமற்போன மோதிரங்கள் பல இங்கேதான் அகப்பட்டிருக்கின்றன.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அடைப்பு நீங்கவில்லை என்ற ஆத்திரத்தில் ஆசிட்டை ஊற்றி, அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு போர்க்களத்தில் மனிதரைக் கொல்ல அவிழ்த்துவிட்ட வாயு அது. கதவடைத்த சிறு குளியலறையில் அது என்ன செய்யும் என்பதை வேதியியல் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியோருக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

அதைவிடக் கொடியது கழிவுநீர்த் தொட்டி. அதனுள் ஹைட்ரஜன் சல்பைடு முதலான வாயுக்கள் தேங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு மிகுதியானால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையென்று எண்ணி இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். மனிதரைப் பாதுகாப்பின்றி இத்தொட்டிகளில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதன் பின்பும் இத்தகைய மரணச் செய்திகளை நாம் படிக்கிறோம். நம் வீட்டுத் தொட்டியைத் துப்புரவு செய்யக் கூப்பிடும்போது உறிஞ்சும் இயந்திர வண்டியைத்தான் அழைக்க வேண்டும். கூலி குறைவு என்று ஒருவர் கயிற்றோடு வந்து நின்றால், ‘வேண்டாம் அண்ணா, இறங்காதீர்கள்’ என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த நல்ல தண்ணீர்த் தொட்டியிலும் உயிர்வளி குறைந்திருக்கக்கூடும், விளையாட்டாக இறங்கிவிடாதீர்கள்.

பிளம்பர் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். இலத்தீன் மொழியில் ஈயத்துக்குப் பிளம்பம் என்று பெயர். ஈயத்துக்கு நீங்கள் எழுதும் ‘பிபி’ என்ற குறியீடும் அதிலிருந்து வந்ததே. உரோமர் ஈயக் குழாய்களில் நீரைக் கொண்டுசென்றனர். அவர்களுடைய கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயின் நீர் உடலுக்குத் தீங்கு செய்யும், சுடுமண் குழாயே நல்லது என்று அக்காலத்திலேயே எழுதிவைத்தார். சுடுமண் குழாய் நம் நாட்டுக்கும் புதிதன்று. கீழடியில் 2019இல் நடந்த அகழாய்வில் ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. இக்காலத்துக் குழாய்களில் ஒன்றைமட்டும் நினைவில் வையுங்கள்: சாதாரண பி.வி.சி. குழாய் சூட்டில் இளகும்; வெந்நீருக்கு அது ஆகாது. அதற்கென்று சி.பி.வி.சி. என்னும் வேறு வகை இருக்கிறது.

எனக்கு அளித்த நேரம் முடியப்போகிறது. வீட்டுக்குப் போனதும், முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகள் திருகாமல் விட்ட வால்வு, குழாய் வெடித்து நீர் பீறிடும் நாளில் கைக்கு அசையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை மூடித் திறந்துவிடுங்கள். மாடித் தொட்டியின் மூடி பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்; டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். பிறகு இரவு படுக்கப்போகுமுன் கழிப்பறைத் தொட்டியில் ஐந்தாறு துளி நீலம் விட்டு, காலையில் வேறு யாரும் எழுமுன் போய்ப் பாருங்கள்.